விளையாட்டுப் போட்டிகளும் பார்வையாளர் திரளும்

மாணவர்களே, "விளையாட்டுப் போட்டிகளைக் காண மக்கள் பெருந்திரளாகக் கூடுவது ஏன்?" என்ற வினா கட்டுரையாகவும் வரலாம், சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் சிறு பகுதி வினாவாகவும் வரலாம். "மக்கள் விளையாட்டை விரும்புவதால்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். காரணம், விளக்கம், உதாரணம் ஆகிய மூன்றும் உள்ள விடையே முழுமையான விடை.

முதலில் ஓர் உதாரணம். 1954 மே 5ஆம் திகதி இங்கிலாந்தின் பிரட்போட் நகரில் ஓட்சல் மைதானத்தில் றக்பி லீக் சவால் கிண்ண இறுதிப் போட்டி நடந்தது. வெம்பிளியில் நடந்த முதற் போட்டி 4 - 4 எனச் சமநிலையில் முடிந்ததால் இது மீள நடத்தப்பட்டது. அன்று புதன்கிழமை, வேலைநாள். ஆயினும் பதிவான பார்வையாளர் தொகை 1,02,569. வோரிங்டன் அணி 8 - 4 என ஹலிபக்ஸ் அணியை வென்றது. இத்தனை பேரை அங்கு இழுத்தது எது? காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

1. "எங்கள் அணி" என்ற பற்று

1895இல் ஹடர்ஸ்பீல்ட் நகரில் கூடிய வட இங்கிலாந்துக் கழகங்கள் றக்பி ஒன்றியத்திலிருந்து பிரிந்தன. அக்கழகங்களின் வீரர்களிற் பலர் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள். விளையாடுவதற்காக வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுசெய்ய ஒன்றியம் இணங்காததே பிரிவுக்கு முக்கிய காரணம். இவ்வாறு பிறந்ததே றக்பி லீக். மைதானத்தில் ஓடியவனும் வேலியருகே நின்று கத்தியவனும் ஒரே ஊரவர், ஒரே தொழிலாளர். அவர்கள் பார்க்க வந்தது தங்கள் ஊரின் மானத்தை.

2. தொடர்ந்துவரும் போட்டியுணர்வு

யாழ் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் மோதும் துடுப்பாட்டப் போட்டி 1904இல் தொடங்கியது. அதுவே "வடக்கின் பெரும்போர்". யுத்த காலத்தில் சில ஆண்டுகள் தடைப்பட்டும் அது அழியவில்லை. கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் பிரட்பி கேடயத்துக்காக றக்பி ஆடுகின்றன. இரு கட்டங்களின் புள்ளிகளையும் கூட்டியே வெற்றி தீர்மானிக்கப்படும். ஆகவே முதற் கட்டத்தில் தோற்றவர்களின் ஆதரவாளர்கள் இரண்டாம் கட்டத்துக்கு இன்னும் ஆவலுடன் வருவர்.

3. விறுவிறுப்பு

தொழில்முறைக் கழகங்கள் நுழைவுச்சீட்டுப் பணத்தில் தங்கியிருந்தன. எனவே ஆட்டம் தேங்கிநிற்கக் கூடாது. 1906இல் றக்பி லீக் அணியின் வீரர் தொகை 15இலிருந்து 13 ஆகக் குறைக்கப்பட்டது. ஓடுவதற்கு இடம் கூடியது, ஆட்டம் வேகமடைந்தது. இந்தியாவில் 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக்கும் இதே வழியையே பின்பற்றியது. பாடிச் செல்லும் வீரருக்கு 30 செக்கன்களே உண்டு. ஓர் அணி தொடர்ந்து இரு தடவை புள்ளியின்றித் திரும்பினால், மூன்றாவது தடவை புள்ளி பெற்றேயாக வேண்டும்; இல்லையேல் பாடச் சென்றவர் ஆட்டமிழப்பார்.

4. முடிவு தெரியாமை

வெல்லப்போவது யாரென்று முன்பே தெரிந்தால் ஆவல் குறையும். இதனாலேயே அவுஸ்திரேலிய தேசிய றக்பி லீக்கில் ஒரு கழகம் தன் வீரர்களுக்கு வழங்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்ச வரம்பு உண்டு. பணமுள்ள கழகம் சிறந்த வீரர்கள் எல்லோரையும் வாங்கிக் குவிக்க முடியாது.

5. சிறந்த வீரர்கள்

2010 ஜூலையில் காலியில் முத்தையா முரளிதரன் தமது இறுதி டெஸ்ட் போட்டியில் 800ஆவது விக்கெட்டைக் கைப்பற்றினார். அத்தகைய கணத்தை நேரிற் கண்டேன் என்று சொல்வதே ஒருவருக்குப் பெருமை.

6. வசதியும் பாதுகாப்பும்

நேரம், பயணம், கட்டணம், இருக்கை, குடிநீர், மலசலகூடம் என்பனவும் கூட்டத்தைத் தீர்மானிக்கும். 1985 மே 11ஆம் திகதி அதே பிரட்போட் நகரில் வலி பரேட் உதைபந்தாட்ட மைதானத்தின் பார்வையாளர் அரங்கு தீப்பற்றியதில் 56 பேர் இறந்தனர். அரங்கின் பின்புறத்தில் வாயில்கள் பூட்டப்பட்டிருந்தன. கூட்டத்தை அழைப்பவருக்கு அதைப் பத்திரமாக அனுப்பிவைக்கும் கடமையும் உண்டு.

நம் ஊரில் பொருத்திப் பார்ப்போம்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் மாட்டுவண்டிச் சவாரிக்கும் உதைபந்தாட்ட, கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிகளுக்கும் சனம் கூடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மேலே சொன்ன காரணங்களில் எவை அங்கு பொருந்துகின்றன என்று எண்ணிப் பாருங்கள். 2009இன் பின் மீள்குடியேறிய கிராமங்களில் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவர்கள் அடுத்தடுத்த காணிகளில் வாழ்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்லிக் கத்தும் இடம் விளையாட்டுத் திடல். அதேவேளை, போட்டி இருட்டிய பின் முடிந்தால் பெண்களும் சிறுவர்களும் வருவது குறையும். பாதி ஊர் இல்லாத கூட்டத்தை ஊர்க் கூட்டம் என்று சொல்லலாமா?

மாதிரி வினா: உமது ஊர் விளையாட்டுக் கழகம் சுற்றுப்போட்டி ஒன்றை நடத்தவுள்ளது. பார்வையாளரை ஈர்க்க நான்கு ஆலோசனைகள் தருக.

விடைக் குறிப்பு:
- அயற்கிராம அணிகளை அழைத்து, ஆண்டுதோறும் ஒரே காலத்தில் நடத்துதல். (காரணங்கள் 1, 2)
- சமபலமுள்ள அணிகள் மோதும் வகையில் குழுக்களைப் பிரித்தல். (காரணம் 4)
- பெண்கள் அணிகளின் போட்டிகளையும் சேர்த்து, கடைசி பஸ்ஸுக்கு முன் ஆட்டங்களை முடித்தல். (காரணங்கள் 1, 6)
- நிழல், குடிநீர், முதலுதவி, திறந்த வாயில்கள் என்பவற்றை உறுதிசெய்தல். (காரணம் 6)

பயிற்சி: "தொலைக்காட்சி வீடு தேடி வந்த பின்னும் மைதானங்கள் வெறுமையாகவில்லை." இக்கூற்றை இரு காரணங்களுடனும் உதாரணங்களுடனும் விளக்குக. உதாரணங்களில் ஒன்று உமது ஊரிலிருந்து இருக்கட்டும். நேரிற் கண்டதை எழுதும்போது விடை தெளிவாக அமையும்.