பட்டுப்புழுவும் மரபணுப் பொறியியலும்

மைசூர் அக்ரஹாரத்து மணவீடுகளில் உடுத்தப்பெறும் பட்டின் தொடக்கம் மல்பெரி இலை உண்ணும் புழுவேயாகும். கிராசரி எனப்படும் பால்புழு நோய் அப்புழுவைப் பற்றினால் உடல் வீங்கும். தோல் கிழிந்து பால் போன்ற நீர் வடியும். அந்நீரிலுள்ள நச்சுயிரி இலைவழியே பிற புழுக்களுக்கும் பரவும். நோயுற்ற புழுவைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆகவே, எதிர்ப்பாற்றலைப் புழுவின் மரபிலேயே அமைக்க அறிவியலார் முயன்றனர். அம்முயற்சியைக் கொண்டு மரபணுப் பொறியியலின் அடிப்படைகளை ஈண்டுக் காண்போம்.

கருவிகள்

1. வெட்டு நொதி: டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் துண்டிப்பது. 'ஈக்கோ ஆர்-1' என்னும் நொதி ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற வரிசையைக் கண்டு, ஜி-க்கும் ஏ-க்கும் இடையே வெட்டும்.

2. ஒட்டு நொதி: பொருந்தும் முனைகளை இணைப்பது. இதன் பெயர் லைகேஸ்.

3. ஊர்தி: மரபணுவை உயிரணுவுக்குள் கொண்டு சேர்ப்பது. பாக்டீரியாவிலுள்ள பிளாஸ்மிட் என்னும் டி.என்.ஏ. வளையம் இதற்குப் பயன்படும். 1973-இல் கோஹன், போயர் ஆகியோர் இவ்வழியில் அயல் மரபணுவைப் பாக்டீரியாவிற் புகுத்திக் காட்டினர்.

4. அடையாள மரபணு: மாற்றம் நிகழ்ந்த உயிரைப் பிரித்துக் காட்டுவது.

செய்முறை

ஐதராபாத்திலுள்ள டி.என்.ஏ. கைரேகை மற்றும் நோயறிதல் மையத்தார் தம் ஆய்வை 2013-இல் வெளியிட்டனர். நச்சுயிரி பெருகுவதற்கு இன்றியமையாத மரபணுக்களின் துண்டுகளை அவர்கள் ஊர்தியில் இணைத்தனர். இத்துண்டுகளால் புழுவின் உடலில் இரட்டையிழை ஆர்.என்.ஏ. உண்டாகி, நச்சுயிரியின் மரபுச் செய்தியை அழிக்கும். 'பிக்கிபேக்' என்னும் தாவும் டி.என்.ஏ. ஊர்தியாயிற்று. இட்ட சில மணி நேரத்திற்குள், நுண்ணூசியால் முட்டைக்குள் இது செலுத்தப்பெறும்.

செலுத்திய முட்டைகளுள் மிகச் சிலவே மாற்றத்தை வழிவழியாகக் கடத்தும். ஆதலின், அடுத்த தலைமுறையில் ஒளிரும் அடையாளம் உடையவற்றைத் தேர்ந்தெடுத்தலே முழு முயற்சிக்கும் உயிர்நிலையாகும். இவ்வாறு பெற்ற புழுக்கள், நச்சுயிரி ஊட்டப்பெற்றபோது, சாதாரணப் புழுக்களைவிட மிகுதியாகப் பிழைத்தன.

களப்பணியாளர் கவனத்திற்கு

ஆய்வுக்கூட வெற்றி பண்ணைக்கு வர, 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி அரசின் அனுமதி வேண்டும். எதிர்ப்பாற்றல் மிக்க இனமும் தூய்மைக்கு ஈடாகாது. 2 விழுக்காடு பிளீச்சிங் பவுடரை 0.3 விழுக்காடு நீற்றிய சுண்ணாம்புக் கரைசலிற் கலந்து வளர்ப்பறையைத் தூய்மை செய்க. நோயுற்ற புழுக்களை உடனே அகற்றுக.

ஆசிரியர்க்கு

இரு நிறக் காகிதப் பட்டைகளில் மேற்கூறிய எழுத்து வரிசையை எழுதி, ஒரே இடத்தில் வெட்டி, மாற்றி ஒட்டச் செய்க. வெட்டும் ஒட்டும் மாணவர்க்கு எளிதில் விளங்கும்.