இரும்புக் கெண்டி

ஜப்பானின் வடகிழக்கில் இவாத்தே என்னும் மாநிலம் உளது. அதன் தலைநகர் மொரியோகா. 17ஆம் நூற்றாண்டில் அந்நகரை ஆண்ட நம்பு மரபினர், தேநீர் விருந்துக்கு நீர் காய்ச்சும் கலங்களை வார்ப்பதற்காகக் கியோத்தோவிலிருந்து கலைஞரை வரவழைத்தனர். அக்கலங்களுக்கு மூக்கும் பிடியும் இல்லை. அகப்பையால் நீரை முகந்தனர். 18ஆம் நூற்றாண்டில் கலத்தைச் சிறிதாக்கி, மூக்கும் வளைபிடியும் அமைத்தனர். 'தெட்சுபின்' என்னும் இரும்புக் கெண்டி பிறந்தது.

இதனை வார்க்கும் முறை நுட்பமானது. மணலும் களிமண்ணும் குழைத்து அச்சு அமைப்பர். ஈரம் உலருமுன் அதன் உட்புறத்தில் சிறு கோலால் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழுத்துவர். அச்சில் குழியாக விழுந்தது கெண்டியில் மணியாக எழும். ஆலங்கட்டி சிதறினாற்போல் தோன்றும் இவ்வேலைப்பாட்டை 'அராரே' என்பர். பின்பு அச்சினுள் மணற்கரு ஒன்றை நிறுத்தி, இரண்டிற்கும் இடைப்பட்ட சிறு வெளியில் உருகிய இரும்பை வார்ப்பர்.

இரும்புக்குப் பகை துரு. நாள்தோறும் நீர் கொதிக்கும் கலம் துருவுக்குத் தப்புவது எங்ஙனம்? வார்த்த கெண்டியை 800 முதல் 1,000 பாகை வரை வெம்மையுள்ள கரிநெருப்பில் மீண்டும் சுடுவர். அதனால் இரும்பின்மேல் கரிய மென்படலம் ஒன்று படிகிறது. துருவும் இரும்பும் உயிர்வளியும் கூடிய பொருளே. இப்படலமும் அவ்விரண்டும் கூடியதே. ஆயினும் முன்னது அழிக்கிறது, பின்னது காக்கிறது. வெளிப்புறத்திற்கு மரப்பாலாகிய அரக்கைப் பூசுவர்.

உடையவர் கடமையும் உண்டு. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவலாகாது. தேய்த்தால் படலம் சிதையும். நீரை வடித்தபின் கலத்தின் சூட்டிலேயே உலரவிட வேண்டும். துரு தோன்றினால் அதில் தேயிலையை இட்டுக் காய்ச்சுவர். தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்போடு கூடி, கரிய காப்பாக மாறும். கெண்டியின் நோய்க்குத் தேயிலையே மருந்து!

இக்காலத்தில் பல நாடுகளிலும் விற்கப்படும் சிறிய இரும்புக் கலங்கள் பல, தேயிலை ஊறவைப்பதற்கு உரியவை. அவற்றின் உட்புறத்தில் கண்ணாடி போன்ற பூச்சு உண்டு. அவற்றை அடுப்பில் ஏற்றினால் பூச்சு வெடிக்கும். தெட்சுபின் நீர் காய்ச்சுவது. இது தேயிலை ஊறுவது. இவ்வேறுபாட்டை அறியாதார் இரண்டையும் கெடுப்பர்.

இக்கலைக்கும் ஒருகால் அழிவு நெருங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது இரும்பு படைக்கலங்களுக்கென ஒதுக்கப்பட்டது. வீடுகளில் இருந்த இரும்புப் பொருள்களும் திரட்டப்பெற்றன. போருக்குப் பின் எடைகுறைந்த அலுமினியக் கலங்கள் பெருகின. கெண்டியை விரும்புவோர் அருகினர். எனினும் கலைஞர் சிலர் தொழிலைக் கைவிடவில்லை. 1975ஆம் ஆண்டில் ஜப்பான் அரசு நம்பு இரும்புக்கலைக்கு மரபுக் கைத்தொழில் என்னும் சிறப்பளித்தது. இன்று அக்கலங்கள் கடல் கடந்தும் செல்கின்றன.

நன்கு பேணிய கெண்டி தலைமுறை கடந்தும் பயன்படும். வார்ப்பவர் உழைப்போடு வைத்திருப்பவர் கருத்தும் சேர்ந்தாலன்றி அது நிலைபெறாது. கலைகளின் வாழ்வும் அத்தகையதே.