கருவி சொல்லும் கணக்கும் உடல் சொல்லும் கணக்கும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. படிப்பு, பாட்டு, வேலை என எந்தச் சித்திரத்தை எழுத நினைத்தாலும் உடல் என்னும் சுவர் உறுதியாக இருத்தல் வேண்டும். இதை நாம் யாவரும் அறிவோம். ஆனால் அறிந்தபடி நடக்கிறோமா? உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள், 2016ஆம் ஆண்டு வரையுள்ள விவரங்களைத் தொகுத்து 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உலகெங்கும் 11 முதல் 17 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 81 பேர் போதிய அளவு ஓடியாடுவதில்லையாம். ஆண் பிள்ளைகளில் 78 பேர்; பெண் பிள்ளைகளில் 85 பேர். நம் வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வேகமாகும்படி உடலை இயக்க வேண்டும் என்பது அந்நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிவுரையாகும்.

இக்குறையைத் தீர்க்க விஞ்ஞானம் பல கருவிகளைத் தந்திருக்கிறது. காலடிகளை எண்ணும் கருவி, நாடித்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம், செலவான கலோரியைச் சொல்லும் கைப்பட்டை எனப் பலவும் கடைகளில் விற்கின்றன. இவற்றை நம்பலாமா? நம்பினால் எந்த அளவுக்கு? இக்கேள்வி எங்கள் வகுப்பில் எழுந்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும்.

எங்களுள் ஒருத்திக்கு அவளுடைய மாமா அப்படிப்பட்ட கடிகாரம் ஒன்றை வாங்கித் தந்தார். முதலில் நாங்கள் எல்லோரும் ஆசையோடு பார்த்தோம். நாளடைவில் அவள் அதற்கு அடிமையானாள். இரவு பத்து மணிக்கும் 10,000 காலடி நிறையவில்லையென்று கூடத்தில் மேலும் கீழும் நடப்பாள். 'இன்று இவ்வளவு கலோரிதான் செலவாயிற்று' என்று காலை இட்லியில் பாதியை ஒதுக்கிவிடுவாள். ஒருநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவளுக்குத் தலை சுற்றியது. விளையாட்டு ஆசிரியை அவளைப் படிக்கட்டில் அமர்த்தி, மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்தார். "காலையில என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் கடிகாரத்தைப் பார்த்தாள். "நான் அதைக் கேக்கலைம்மா, உன்னைத்தான் கேக்கறேன்" என்றார் ஆசிரியை. அன்று நாங்கள் படிக்கத் தொடங்கியதே இக்கட்டுரை. அவளுடைய சம்மதத்துடனேயே இதை எழுதுகிறோம்.

காலடி எண்ணும் கருவி

இக்கருவிக்குள் மிக நுண்ணிய எடை ஒன்று சுருள்வில் போன்ற மெல்லிய இழைகளில் தொங்குகிறது. நம் கை அசையும்போது அதுவும் அசைகிறது. அந்த அசைவு மின் குறியாக மாறி, ஒரே தாளத்தில் வரும் குறிகள் காலடிகளாக எண்ணப்படுகின்றன. ஆகவே கருவி எண்ணுவது கையின் அசைவையே அன்றிக் காலின் நடையை அல்ல. இதை நாங்கள் சோதித்துப் பார்த்தோம். பெஞ்சில் உட்கார்ந்தபடியே மேளம் அடிப்பதுபோல் கையை ஆட்டினோம்; எண்ணிக்கை ஏறியது. பிறகு இரு கைகளிலும் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்; வியர்வை வழிந்தும் பல காலடிகள் கணக்கில் வரவில்லை. வீட்டு வேலை செய்யும் நம் அன்னையரின் உழைப்பு இக்கருவிக்கு முழுதாகத் தெரியாது என்பதை அன்று உணர்ந்தோம்.

அந்த 10,000 என்ற எண் எங்கிருந்து வந்தது? 1964இல் ஜப்பானின் டோக்கியோ நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. மக்களிடையே உடற்பயிற்சி ஆர்வம் பெருகியது. மறு ஆண்டு, 1965இல், யமாசா என்னும் நிறுவனம் இடுப்பில் மாட்டும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் பெயர் 'மான்போ கெய்'. பத்தாயிரம் காலடி அளவி என்பது பொருள். எளிதில் நினைவில் நிற்கும் அந்தப் பெயரே பிற்காலத்தில் உலகமெங்கும் விதியைப்போல் பரவிவிட்டது. 2019இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களின் காலடிகள் எண்ணப்பட்டன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 காலடி நடந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 காலடி வரை இந்நன்மை கூடியது. அதற்குமேல் பெரிதாகக் கூடவில்லை. ஆகவே நம் பாட்டிமார் 10,000 எட்டவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. வளரும் பருவத்தினராகிய நமக்கோ காலடிக் கணக்கைவிட 60 நிமிட ஓட்டமும் ஆட்டமுமே சரியான அளவாகும்.

நாடித்துடிப்பு

நாடியை அளக்கும் ஆசை புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர் சாண்டோரியோ, ஊசலின் நூலை நீட்டியும் குறுக்கியும் நாடியின் வேகத்தை அளந்தார். ஆங்கில மருத்துவர் ஜான் ஃப்ளாயர், சரியாக ஒரு நிமிடம் மட்டும் ஓடும் கடிகாரத்தைக் கொண்டு நாடியை எண்ணி, 1707இல் அதைப்பற்றி நூல் எழுதினார். 1982இல் பின்லாந்து நாட்டின் போலார் நிறுவனம், மார்பில் கட்டும் பட்டையிலிருந்து கைக்கடிகாரத்துக்குக் கம்பியின்றித் துடிப்பை அனுப்பும் கருவியை வெளியிட்டது. இன்றைய கைக்கடிகாரமோ பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சுகிறது. இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் இரத்தம் பெருகுவதால், திரும்பி வரும் ஒளி குறைகிறது. அந்த ஏற்றத்தாழ்வே நாடிக் கணக்காகிறது. பட்டை தளர்ந்திருந்தாலும் கை மிகவும் குலுங்கினாலும் கணக்குத் தவறும்.

கருவி இல்லாமலும் இதைச் செய்யலாம். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பெருவிரல் பக்கமுள்ள மணிக்கட்டில் மெல்ல வையுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஜெர்மானியப் பயிற்சியாளர் வால்டெமார் கெர்ஷ்லர் நாடியை எண்ணியே தம் வீரர்களுக்குப் பயிற்சி தந்தார். ஓடியதும் ஏறும் துடிப்பு, நிமிடத்துக்கு 120 ஆகத் தணிந்த பின்னரே அடுத்த ஓட்டம் என்பது அவருடைய முறை. அவரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். 1955 வரை அதை எவராலும் முறியடிக்க இயலவில்லை. பச்சை ஒளிக் கடிகாரம் அவரிடம் இல்லை!

உச்ச நாடித்துடிப்பை அறிய 220இலிருந்து வயதைக் கழிப்பார்கள். 16 வயதுக்கு 204 வரும். இது உத்தேசக் கணக்கே. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடலாம், குறையலாம். இதைவிட எளிய சோதனை பேச்சு. பயிற்சியின்போது பேச முடிந்து, பாட முடியாமற்போனால் அது நடுத்தர வேகம். சில சொற்களுக்கு மேல் பேச முடியாவிட்டால் அது கடும் வேகம்.

கலோரிக் கணக்கு

மூன்றிலும் நம்பத் தகாதது இதுவே. 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 60 பேரின் கைகளில் ஏழு வகைக் கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் நாடித்துடிப்பை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான பிழையோடு காட்டின. ஆனால் கலோரிக் கணக்கில் மிகச் சிறந்த கருவியும் சராசரியாக 27 விழுக்காடு தவறியது. மிக மோசமானது 93 விழுக்காடு தவறியது. காரணம் எளியது. உண்மையான செலவை அறிய, முகத்தில் மூடி அணிவித்து நாம் சுவாசிக்கும் காற்றை அளக்க வேண்டும். கருவிக்கோ கையசைவும் நாடியும் நாம் பதிந்த வயதும் எடையுமே தெரியும், மீதி அனுமானம்.

2016இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், உடல் எடையைக் குறைக்க விரும்பிய ஏறத்தாழ 470 இளைஞர்களை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். எல்லோருக்கும் உணவு, பயிற்சி பற்றிய ஆலோசனை கிடைத்தது. கருவி கட்டியவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள், கட்டாதவர்களோ 5.9 கிலோ குறைந்தார்கள். கருவி வந்ததால் மட்டும் பலன் வந்துவிடாது என்பதற்கு இது சான்று. அதிலும் நாம் வளரும் பெண்கள். எலும்பு உறுதிப்படுவதும் இரத்தம் ஊறுவதும் இந்த வயதில்தான். இவ்வளவு பிழையுள்ள ஓர் எண்ணை நம்பித் தட்டிலுள்ள உணவை ஒதுக்குவது பேதைமை அன்றோ?

நாம் செய்ய வேண்டியவை

1. முதலில் விரலால் நாடி எண்ணப் பழகுவோம். பிறகு கருவியைக் கட்டுவோம்.

2. காலையில் விழித்தவுடன், எழுந்திருக்கும் முன், நாடியை எண்ணி நோட்டுப் புத்தகத்தில் குறிப்போம். சில மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் இந்த எண் மெல்லக் குறையும். ஒரே துடிப்பில் அதிக இரத்தத்தை இறைக்க இதயம் கற்றுக்கொண்டது என்பது இதன் பொருள்.

3. நேற்றைய நம்மோடு இன்றைய நம்மை ஒப்பிடுவோம். தோழியின் எண்ணோடு அல்ல.

4. தலைசுற்றல், மார்பு வலி, மயக்கம் தோன்றினால் கருவி எதைக் காட்டினாலும் உடனே நிறுத்திப் பெரியவர்களிடம் சொல்வோம்.

5. நாம் ஓடும் பாதையை அந்நியர் காணும்படி விடாதிருப்போம். ஸ்ட்ராவா என்னும் செயலி 2017இல் வெளியிட்ட வரைபடத்தில் இராணுவ முகாம்களின் இடங்களும் ஓடுபாதைகளும் தெரிந்துவிட்டதை 2018 ஜனவரியில் உலகமே அறிந்தது. வீரர்களுக்கே அந்நிலையென்றால் பெண் பிள்ளைகள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. விலையுயர்ந்த கருவி வாங்கித் தர முடியவில்லையே என்று ஏங்க வேண்டாம். ஒரு ஸ்கிப்பிங் கயிறு, விநாடி முள் உள்ள கடிகாரம், ஒரு நோட்டுப் புத்தகம் இவை போதும். மாலையில் அரைமணி நேரம் எங்களோடு நீங்களும் நடக்க வந்தால் அதைவிடச் சிறந்த கருவி வேறில்லை.

எங்கள் தோழி அக்கடிகாரத்தை இன்றும் கட்டுகிறாள். 400 மீட்டர் ஓடும்போது நேரம் பார்க்க அது உதவுகிறது. கலோரி காட்டும் பகுதியை மட்டும் அவளே நீக்கிவிட்டாள். காலையில் நான்கு இட்லி சாப்பிடுகிறாள். "என்ன சாப்பிட்டே?" என்று ஆசிரியை கேட்டால் இப்போது கடிகாரத்தைப் பார்ப்பதில்லை; ஆசிரியையின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறாள்.

அன்புத் தோழியரே! கருவி நமக்குப் பணியாளாக இருக்கட்டும், எஜமானாக வேண்டாம். அது சொல்லும் கணக்கைக் கேட்போம். உடல் சொல்லும் கணக்கை அதற்கு முன்னே கேட்போம். சுவரைக் காப்போம், சித்திரம் எழுதுவோம்!

பதினோராம் வகுப்பு மாணவியர்