மோட்டார்ஹோமில் ஈரம்: புதிதாக வண்டி வாங்கியவர்களுக்கு

பிரிட்டனில் மோட்டார்ஹோம் வாங்கும் பிள்ளைகள் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். எஞ்சினுக்கு உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். வண்டியின் முதுகில் ஏற்றிய வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து சட்டங்கள் இற்றுப்போனால், பழுது பார்க்கும் செலவு வண்டியின் விலையையே எட்டிவிடலாம். அதனால் ஈரத்தைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

1. சுவரின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். வெளியே அலுமினியம் அல்லது ஃபைபர்கிளாஸ் தகடு, உள்ளே காகிதம் ஒட்டிய மெல்லிய பிளைவுட், நடுவே தெர்மாகோல். பழைய வண்டிகள் பலவற்றில் இவற்றைத் தாங்குவது மரச்சட்டம். கூரையும் சுவரும் சேரும் விளிம்பில் ஒரு அலுமினியப் பட்டையை வைத்துத் திருகியிருப்பார்கள்; அதன் அடியில் இருக்கும் சீலண்ட்தான் மழையைத் தடுக்கிறது. ஓடும்போது வண்டி முறுகும். சீலண்ட் ஆண்டுகள் போகப்போகக் காய்ந்து சுருங்கும். ஒவ்வொரு திருகும் ஒரு துளை என்பதை மறக்காதீர்கள்.

2. ஈரம் தெரியும் இடத்தில் ஓட்டையைத் தேடாதீர்கள். ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும்: ஓடு உடைந்த இடம் ஒன்று, சொட்டும் இடம் இன்னொன்று. மோட்டார்ஹோமிலும் தண்ணீர் சட்டத்தோடு ஓடி எங்கோ தலை காட்டும். பின்பக்க மேல் விளக்கின் ரப்பர் பிளந்திருக்கும். கட்டிலுக்கு அடியில் தரை நனைந்திருக்கும். கண்ட இடத்திலிருந்து மேல்நோக்கித் தேடிப் போங்கள்.

3. ஒழுகலா, வியர்த்த ஈரமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். சன்னலைச் சாத்திக்கொண்டு சமைத்தால் அத்தனையும் வண்டிக்குள்தான் நிற்கும். அதோடு தூங்குகிறவர்களின் மூச்சும் சேரும். சந்தேகம் வந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, ஒரு சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் அது காற்றின் ஈரம். சன்னலைத் திறந்து வைத்தால் போதும். சுவரைத் தொடும் பக்கம் நனைந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது.

4. ஈரத்தை அளக்கும் டேம்ப் மீட்டர் ஒன்று வாங்குங்கள். இரண்டு ஊசி உள்ள சாதாரண மீட்டரே போதும். 15 சதவீதம் வரை கவலையில்லை. 15 முதல் 20 வரை என்றால் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த மாதம் திரும்பப் பாருங்கள். 20-க்கு மேல் போனால் காரணத்தைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும், ஏனென்றால் மரத்தைத் தின்னும் பூஞ்சணம் அங்கேதான் தொடங்கும். 30-ஐத் தாண்டினால் மரம் பெரும்பாலும் கெட்டிருக்கும். ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். ஊசிக்குப் பின்னால் உலோகம் இருந்தாலும் எண் ஏறும். பக்கத்து இடத்தோடு ஒப்பிடுங்கள். வண்டியின் படத்தை வரைந்து எண்களைத் தேதி போட்டு எழுதிவைத்தால், ஈரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும்.

மீட்டரோடு கட்டைவிரலும் வேண்டும். மேல் அலமாரியைக் காலிசெய்துவிட்டுக் கையை மூலைவரை விட்டு அழுத்திப் பாருங்கள். நல்ல பிளைவுட் விரலை எதிர்க்கும். கெட்டது நனைந்த அட்டைபோல உள்ளே போகும். ஒட்டிய காகிதத்தில் சின்னச் சுருக்கம் விழும். அதைச் சுற்றிப் பழுப்பு வளையம் ஒன்று இருக்கும். அந்த அலமாரியைத் திறந்ததுமே பூஞ்சண வாடை முகத்தில் அடிக்கும். அந்த வாடையை ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள்.

5. கூரை மேல் ஏறி நடக்காதீர்கள். பலகை போட்டு மண்டியிட்டுப் பாருங்கள், அல்லது ஏணியில் நின்று பாருங்கள். கூரைச் சன்னல்கள், சோலார் பேனலின் கால்கள், அதன் வயர் உள்ளே இறங்கும் இடம், ஆன்டெனா, வெய்யில் மறைப்பைத் தாங்கும் சட்டம், சைக்கிள் தாங்கியின் போல்ட் என வண்டி கட்டிய பிறகு துளைத்த இடங்கள்மேல் எனக்குச் சந்தேகம் அதிகம். டிரைவர் தலைக்கு மேலே கட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் வண்டியென்றால் அதன் முன்விளிம்பைத் தனியாகப் பாருங்கள். ஓடும்போது மழை வேகத்தோடு அங்கேதான் மோதுகிறது. சக்கரத்தின் மேலுள்ள தரையை வண்டிக்கு அடியிலிருந்தும் பார்க்க வேண்டும்.

6. தோட்டக் குழாயால் சோதிக்கும்போது கீழிருந்து மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால் எந்த இணைப்பு விட்டது என்று தெரியாது. ஒரு இணைப்புக்குப் பத்து நிமிடம் மென்மையாக நீர் விடுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு காத்திருக்கட்டும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், அது நல்ல ரப்பரையும் தாண்டித் தண்ணீரை ஏற்றும். இதிலும் பிடிபடாவிட்டால், கூரைச் சன்னலில் மின்விசிறியை இறுக்கமாகப் பொருத்திக் காற்றை உள்ளே தள்ளி, மற்ற திறப்புகளை அடைத்து, வெளி விளிம்புகளில் சோப்பு நீர் பூசுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. பழுது பார்ப்பவர்கள் செய்வதும் இதேதான், கருவி மட்டும் பெரிது.

7. குழாய்க் கசிவை மழைக்கசிவோடு குழப்பாதீர்கள். அழுத்தத்தில் தானாக நின்று ஓடும் பம்ப் இருந்தால் சோதனை எளிது: எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு இரவில் காது கொடுங்கள். யாரும் தொடாமல் பம்ப் அவ்வப்போது உறுமினால் எங்கோ அழுத்தம் இறங்குகிறது. இணைப்புகளைச் சுற்றி டிஷ்யூ தாளைக் கட்டுங்கள், நனைவது காட்டிக்கொடுக்கும். எல்லாம் காய்ந்தே இருந்தால் பம்பின் வால்வைப் பாருங்கள். குளிர் தொடங்கியதும் வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டினால் பதற வேண்டாம். ட்ரூமா ஹீட்டர் உள்ள வண்டிகளில் சுமார் 3 டிகிரிக்கு இறங்கினால் ஒரு வால்வு தானே திறந்து, பாய்லர் உறைந்து வெடிக்காமல் நீரை வெளியேற்றும். 7 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அதை மூட முடியும்.

8. சிலிக்கானைத் தொடாதீர்கள். தம்பி, தங்கச்சி, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். குளியலறைக்கு வாங்கிய டியூப் மீந்திருக்கிறது என்று விளிம்பில் இழுத்துவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் அது ஓரம் பிரியும். அதன் மேல் வேறெந்த சீலண்டும் ஒட்டாது. சுரண்டினாலும் எண்ணெய்ப்பசை போலப் படலம் நிற்கும். அதைவிடக் கெடுதல், வெளியே பூசிய சிலிக்கான் உள்ளே புகுந்த நீரை வெளியேற விடாமல் அடைத்துவிடும். பட்டையைக் கழற்றி, பழையதைப் பிளாஸ்டிக் கத்தியால் முழுக்க எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்து இறுகிப்போகாத பியூட்டைல் டேப் வைத்துத் திருகுங்கள். பிதுங்கி வருவதை மறுநாள் வெட்டிவிடலாம். சன்னல்கள் அக்ரிலிக்கால் ஆனவை. கரைப்பான் பட்டால் நுண்விரிசல் விழும், அவற்றுக்கு உரிய ரப்பரும் சீலண்டும் மட்டும் போடுங்கள்.

9. காயாத சுவரை மூடாதீர்கள். ஓட்டையை அடைத்த பிறகு உள் பிளைவுட்டைத் திறந்து, டீஹியூமிடிஃபையரை ஓடவிட்டு, மீட்டர் 15-க்குக் கீழே இறங்கும்வரை பொறுங்கள். வாரக்கணக்கில் ஆகும். இற்ற மரத்தை வெட்டி மாற்றுங்கள்.

10. ஆண்டுக்கொருமுறை ஈரச் சோதனை செய்வித்து அறிக்கையைக் கோப்பில் வையுங்கள். புதிய வண்டிகளுக்கு நீர்க்கசிவு உத்தரவாதம் தருகிற நிறுவனங்கள் பல இந்தச் சோதனையை நிபந்தனையாகவே வைக்கின்றன. ஓர் ஆண்டு தவறினாலும் உத்தரவாதம் கைவிட்டுப் போகலாம். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அந்த அறிக்கைகளைக் கேளுங்கள், மழை பெய்து ஓய்ந்த நாளாகப் பார்த்துப் போங்கள், மீட்டரைக் கையில் கொண்டுபோங்கள். விற்பவர் அதைச் சுவரில் வைக்க விடவில்லை என்றால் முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.