திண்ணனூர் என்று எழுதிப் பார்த்தல்: தடித்து ஒடுங்கிய எழுத்தைக் கற்க எந்த வழி?

எழுத்து வரைவதில் கைவாகு உள்ள மாணவர் பலர் அதற்குப் பொருந்தாத இடத்தில் சேர்வதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அந்த ஆண்டு ஊரில் எந்தப் படிப்பின் பெயர் அடிபடுகிறதோ அதுவே நல்ல படிப்பு என்னும் எண்ணம்; மற்றொன்று, படிப்பின் பெயரில் ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல் இருந்தால் போதும் என்னும் பெற்றோரின் முடிவு. கொல்லிமலையின் திண்ணனூர் நாடு போன்ற பகுதிகளிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்கிப் படிக்க வேண்டியவருக்கு, தவறான தேர்வு பணத்தோடு ஆண்டுகளையும் தின்றுவிடுகிறது.

கடைப் பலகை, லாரி முகப்பு, சுவரொட்டி ஆகியவற்றில் தொலைவிலிருந்து படிக்கப்படுவதற்கென்று, கோடு தடித்தும் அகலம் குறுகியும் அமையும் எழுத்தே தடித்து ஒடுங்கிய தலைப்பெழுத்து எனப்படும். உலகெங்கும் கணினிகளில் காணப்படும் ‘இம்பேக்ட்’ இவ்வகையைச் சேர்ந்தது. ஜெஃப்ரி லீ வரைந்த அதை, ஷெஃபீல்டு நகரின் ஸ்டீஃபன்சன் பிளேக் என்னும் அச்செழுத்து வார்ப்பகம் 1965இல் வெளியிட்டது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் நிற்பதால் அவற்றை நெருக்கி அடுக்குவது எளிது. தமிழிலோ புள்ளியும் மேல்விலங்கும் தலைக்கு மேலும், கீழ்விலங்கு அடிக்குக் கீழும் இடம் கேட்கின்றன. கொம்பும் காலும் பக்கவாட்டில் விரிகின்றன. ‘திண்ணனூர்’ என்னும் சொல்லே இதற்குத் தக்க சான்று. மூன்று சுழி ணகரம் இருமுறையும் இரண்டு சுழி னகரம் ஒருமுறையுமாக எட்டுச் சுழிகள் அடுத்தடுத்து வருவதால், கோட்டைத் தடிப்பாக்கி அகலத்தைக் குறைத்த உடனே சுழிகளின் உள்வெளி அடைபட்டு, ணகரம் எது னகரம் எது என்று தெரியாமல் போகிறது. எந்தக் கோட்டை மெலிப்பது, எந்தச் சுழியைத் திறந்து வைப்பது என்று தீர்மானிப்பதில்தான் இவ்வகை எழுத்தின் வடிவமைப்பு அடங்கியிருக்கிறது.

கற்கும் வழிகளுள் சிலவற்றுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 1850இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியும் கும்பகோணத்தில் உள்ள கவின்கலைக் கல்லூரியும் இடம் கிடைப்பவருக்கு நல்லவை. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் நுழைவுத் தேர்வுக்கு அஞ்சாதவருக்கு உரியது. போர்டு ஆர்ட்டிஸ்டிடம் கைத்தொழிலாகக் கற்பது மற்றொரு வழி.

விரிவாகப் பேச வேண்டியது, மூன்று மாதத்தில் ‘கிராபிக் டிசைனர்’ ஆக்குவதாகச் சொல்லும் குறுகிய காலக் கணினிப் பயிற்சியைப் பற்றியே. அங்கே கற்பிக்கப்படுவது மென்பொருளின் பொத்தான்கள் இருக்குமிடம். எழுத்தைப் பற்றி அங்கே பேச்சே எழுவதில்லை. பயிற்சி முடித்தவர் ஃபிளெக்ஸ் கடையில் அமர்ந்ததும், நீளமான பெயர் பலகைக்குள் அடங்கவில்லை என்றால், கோரல் டிராவில் எழுத்தின் பக்கத்தைப் பிடித்து அழுத்தி அகலத்தைக் குறைக்கிறார். அவ்வாறு அழுத்தும்போது நிமிர்ந்த கோடுகள் மட்டும் மெலிந்து, படுக்கைக் கோடுகள் பழைய தடிப்பிலேயே நின்றுவிடுவதால், எழுத்து ஒடுங்குவதற்குப் பதிலாக நசுங்குகிறது. ஊர்ச் சாலைகளில் தொங்கும் பேனர்களைச் சற்று நின்று பார்த்தால் இந்த நோய் எளிதில் புலப்படும். இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு: வேறொருவர் வரைந்த எழுத்தைத் தேர்ந்தெடுப்பதே வடிவமைப்பு என்று கற்றுக்கொண்ட மாணவர், தம் கையால் ஒரு சுழியும் வரையாமலே தொழிலில் நுழைந்துவிடுகிறார். சான்றிதழ் சுவரில் மாட்டப்படுகிறது; கைவாகு மறந்துபோகிறது. கணினியைக் கற்கவே கூடாது என்பது இதன் பொருள் அன்று. அதை முதலில் கற்பதுதான் தவறு.

முதற்படிக்குத் தூரிகையே சிறந்தது என்று தயக்கமின்றிச் சொல்லலாம். பட்டைத் தூரிகையின் அகலம் மாறாது. ஆகவே எழுத்தை ஒடுக்க விரும்பும் கை, கோட்டை விட்டுவிட்டு உள்வெளியையே குறைக்கக் கற்றுக்கொள்கிறது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் முகப்புப் பலகைக்குப் பெயர் எழுதும் பெயிண்டர், எதிரே வரும் ஓட்டுநர் ஒரு நொடியில் படிக்க வேண்டும் என்ற தேவையைக் கோட்பாடாகப் படித்ததில்லை எனினும், ணகரத்தின் உள்சுழிகளை மெலிதாகவும் வெளிக்கோட்டைத் தடிப்பாகவும் இழுக்கிறார். ரேடியம் ஸ்டிக்கர் கட்டிங் வந்தபின் அந்தக் கைகள் குறைந்தது உண்மை. ஆயினும் கற்றுக்கொடுக்கும் கைகள் முற்றும் அற்றுவிடவில்லை. இந்த அடித்தளம் அமைந்தபின் ஃபான்ட்ஃபோர்ஜ் போன்ற கட்டணமற்ற மென்பொருளில் எழுத்துரு செய்யத் தொடங்கலாம். மும்பையின் ஏக் டைப் குழு 2022இல் வெளியிட்ட ‘அனேக் தமிழ்’ ஒடுங்கிய வடிவம் முதல் விரிந்த வடிவம் வரை பல அகலங்களில் கட்டணமின்றிக் கிடைக்கிறது; அதன் ஒடுங்கிய, தடித்த வடிவில் ணகரத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பது பல வகுப்புகளுக்கு ஈடாகும்.

நாட்டமும் பொறுமையும் எந்தப் பள்ளியிலும் விற்பனைக்கு இல்லை. தமக்கு அவை உண்டா என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே மாணவர் சோதித்துக்கொள்ளலாம். ‘திண்ணனூர் நாடு’ என்பதை ஒரு முழ நீளத்தில் தடித்த எழுத்தாக எழுதிச் சுவரில் ஒட்டி, இருபது அடி பின்னே சென்று, சுழிகள் தனித்தனியே தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். தெரியும்வரை திருத்தியபின், அதே சொற்களை அதே உயரத்தில், அதே தடிப்பில், அரை முழத்துக்குள் அடக்கி எழுத வேண்டும்.