பிள்ளையைப் பார்க்கும் நேரத்தை மாற்றக் கேட்கும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய உத்தரவு நகலைப் படித்தேன். பரஸ்பர சம்மதத்தில் வாங்கிய விவாகரத்து, நீயே கையெழுத்துப் போட்டது, இனி எந்த முகத்தோடு மாற்றக் கேட்பது என்று தயங்குகிறாய். அந்தத் தயக்கம் வேண்டாம். பிள்ளை விஷயத்தில் போடும் உத்தரவு சொத்து வழக்குத் தீர்ப்பு மாதிரி ஒருமுறை எழுதி மூடிவைப்பதல்ல. விவாகரத்து முடிந்த பிறகும் அதை மாற்றவோ ரத்து செய்யவோ இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவு இடம் தருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து டெல்லி வரை போன ரோஸி ஜேக்கப் வழக்கில், சம்மதத்தின் பேரில் போட்ட உத்தரவானாலும் குழந்தையின் நலனுக்காக மாற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது.

எதைச் சொல்லி மாற்றக் கேட்கிறாய் என்பதுதான் முக்கியம். நீ எழுதி வைத்திருக்கும் குறிப்புகளில் பாதிக்கு மேல் பாப்பாவின் அம்மாவைப் பற்றிய புகார். போனை எடுக்கவில்லை, கேட்டில் காக்க வைத்தாள், பிறந்தநாள் அன்று ஊருக்குப் போய்விட்டாள். எல்லாம் நிஜமாகவே இருக்கட்டும். குடும்ப நல நீதிபதி காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பது இதே கதையைத்தான், இரண்டு பக்கமிருந்தும். போன உத்தரவுக்குப் பிறகு பிள்ளையின் வாழ்க்கையில் என்ன மாறியது என்று காட்டினால்தான் அவர் நிமிர்ந்து பார்ப்பார்.

அப்போது பாப்பாவுக்கு நாலு வயது. ஐந்து முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956-ம் வருட இந்து மைனர், காப்பாளர் சட்டமே சொல்கிறது. அதனால் மாதம் இரண்டு சனிக்கிழமை, கோர்ட் வளாகத்துக் குழந்தைகள் மையத்தில் இரண்டு மணி நேரம் என்று போட்டதில் தப்பில்லை. இப்போது அவள் நாலாம் வகுப்பு. சனி காலை பாட்டு கிளாஸ் வேறு. அந்த மையத்தில் சறுக்குமரமும் உடைந்த பொம்மைகளும் சின்னக் குழந்தைகளுக்கு ஆகும். ஒன்பது வயதுப் பிள்ளை சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கணக்கு நோட்டை மடியில் வைத்து எழுதுகிறாள், மேசை கிடையாது. மனுவில் இதை எழுது. ‘தகப்பன் என்ற முறையில் எனக்குள்ள உரிமை’ என்று இரண்டு பக்கம் எழுதுவதைவிட, இல்லாத அந்த மேசை நீதிபதிக்குச் சட்டென்று புரியும்.

மனு போடும் முன்பு பாப்பாவின் அம்மாவிடம் எழுத்தில் கேட்டாக வேண்டும். பதில் வராது என்று தெரிந்தாலும் கேள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அதையே இமெயிலிலும் போடு. ‘பாட்டு கிளாஸ் சனி காலைக்கு மாறிவிட்டதால், ஜூன் முதல் பாப்பாவை மாலை 3 மணியிலிருந்து 7 மணி வரை என் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? நானே வந்து கூட்டிப்போய் நானே கொண்டுவந்து விடுகிறேன். 15-ம் தேதிக்குள் சொன்னால் நல்லது.’ இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். பழைய கணக்கு எதையும் அதில் எடுக்காதே, ராத்திரி பதினொரு மணிக்கும் அனுப்பாதே. 1984-ம் வருடக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14-வது பிரிவு, சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி இல்லாமல் எந்த ஆவணத்தையும் பார்க்க நீதிபதிக்கு இடம் கொடுக்கிறது. நீ கோபத்தில் தட்டி அனுப்பியதும் அதில் சேர்த்தி.

கணவன் மனைவி ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பதிவு செய்த பேச்சும் சாட்சியமாகலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, ஆளாளுக்கு ரெக்கார்டிங்கோடுதான் வக்கீல் ஆபீசுக்கு வருகிறார்கள். உனக்கும் யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். எனக்குப் பிடிக்காத வேலை அது. அதிலும் பாப்பாவை வைத்துப் பதிவு செய்யப் பார்த்தால் உன் வழக்கு அன்றோடு சரி. அம்மா பிள்ளை மனதைக் கலைக்கிறாள் என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதும் எடுபடாது. அப்படி முத்திரை குத்த அவசரப்படக் கூடாது, குறிப்பாக என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நடந்ததைத் தேதி போட்டுச் சொல், போதும்.

உன் பழைய உத்தரவில் எனக்கு உறுத்துவது கடைசி வரிதான்: ‘விடுமுறை நாட்களில் இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.’ பேசி முடிவு செய்ய முடிகிறவர்கள் கோர்ட் படி ஏன் ஏறுகிறார்கள்? பாப்பாவின் அம்மாவை ஒத்துழைக்க வைக்கும் உத்தரவை எந்த நீதிபதியாலும் எழுத முடியாது. ஒத்துழைப்பே தேவைப்படாத உத்தரவை எழுத முடியும், அதைக் கேள். ‘முதல், மூன்றாம் சனிக்கிழமை மாலை 3 மணிக்கு அடுக்ககத்தின் காவலாளி அறை வாசலில் தாயோ தாத்தாவோ குழந்தையை ஒப்படைக்க வேண்டும். 7 மணிக்கு அதே இடத்தில் தகப்பன் திரும்ப விட வேண்டும். உடம்பு சரியில்லாமல் தவறினால் அடுத்த சனிக்கிழமை அதற்கு ஈடு.’ இந்த அளவுக்கு இருக்க வேண்டும். அரையாண்டு லீவில் முதல் பாதியா இரண்டாம் பாதியா, மே மாதத்தில் எந்தப் பதினைந்து நாள், எந்த வருடத் தீபாவளி யாரிடம், எல்லாவற்றையும் கேட்டு எழுதி வாங்கு. பார்க்கப் போகாத நாட்களில் ஐந்து பத்து நிமிடம் வீடியோ காலில் பேசவும் கேள். யஷிதா சாஹு வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றமே அதை வலியுறுத்தியிருக்கிறது. ராத்தங்கலை மட்டும் எடுத்த எடுப்பில் கேட்காதே. மூன்று மாதம் பகலில் மட்டும், அது சரியாக நடந்தால் பிறகு மாதம் ஓர் இரவு என்று படிப்படியாகக் கேட்டால் மறுக்கச் சுலபமாகக் காரணம் கிடைக்காது.

அவள் பிள்ளையைக் காட்டாத மாதம் நீ ஜீவனாம்சத்தை நிறுத்தப் போவதாகக் கேள்விப்பட்டேன். கூடவே கூடாது. அது பிள்ளையின் சாப்பாடு, ஸ்கூல் ஃபீஸ். இரண்டையும் முடிச்சுப் போட்டால் அவள் தரப்புப் பதில் மனுவில் முதல் பத்தியே அதுதான் வரும். போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு கேட்டில் போய் நிற்பதும் வேண்டாம், பிள்ளைக்கு அந்தக் காட்சி மறக்காது. உத்தரவை மீறினால் மீறிய தேதிகளோடு கோர்ட்டில் மனு போடு. மனு முடியும் வரை பழைய சனிக்கிழமை ஒன்றையும் தவறவிடாதே. பிடிக்காத இடமானாலும் போய் உட்கார், மையத்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வா.

பாப்பாவை நீதிபதி சேம்பரில் கூப்பிட்டுப் பேசலாம். விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கருதலாம் என்று 1890-ம் வருடக் காப்பாளர் சட்டத்திலேயே இருக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து அனுப்பாதே. ஒப்பித்தால் நீதிபதிக்கு இரண்டே கேள்வியில் தெரிந்துவிடும்.

முதல் வாய்தாவிலேயே கவுன்சிலிங்குக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். முகம் சுளிக்காமல் போ. எப்போதாவது அங்கேயே பாதி படிந்து, ஜாயின்ட் மெமோ எழுதச் சொல்வார்கள். அப்போதுதான் ஜாக்கிரதை வேண்டும். இரு தரப்பும் சம்மதித்துப் பிறந்த உத்தரவுக்கு அப்பீல் கிடையாது, குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 19-வது பிரிவு. மேலே சொன்ன நேரமும் இடமும் லீவு நாட்களும் மெமோவில் இருக்கிறதா என்று பார்க்காமல் பேனாவை எடுக்காதே. வக்கீல் அவசரப்படுத்தினால் வராந்தாவுக்கு வந்து எனக்குப் போன் போடு. மத்தியானத் தூக்கத்தில் இருந்தாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அத்தை