பேரத்தின் விலையைச் செலுத்துவோர் யாவர்?



சென்ற மாதம் தாராவி 90 அடிச் சாலையில் ஓர் அன்பர் இல்லத்தில் தம்ம வகுப்பு முடிந்தபின், அவ்வீட்டுச் சிறுவன் தான் ஆடும் விளையாட்டொன்றின் கதையைக் கூறினான். 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘காட் ஆஃப் வார்’ என்பது அதன் பெயர். கிரேட்டோஸ் என்னும் ஸ்பார்ட்டா படைத்தலைவன், போரில் மடியும் தறுவாயில் ஏரெஸ் என்னும் யுத்த தெய்வத்தை அழைத்து, பகைவரை அழித்தால் தன் வாழ்வையே அடிமையாக்குவதாக வாக்களிக்கிறான். வெற்றி கிட்டுகிறது. பின்னர் அத்தெய்வத்தின் சூழ்ச்சியால் தன் மனைவியையும் மகளையும் தன் கையாலேயே கொன்றுவிடுகிறான். “ஐயா, இப்படியும் ஒரு பேரம் உண்டா?” என்றான் சிறுவன்.

உண்டு. சுத்த நிபாதத்திலுள்ள ஆளவக சுத்தத்தின் உரை கூறுவதைக் கேளுங்கள். வேட்டைக்குச் சென்ற ஆளவி நகரத்து அரசன், ஆளவகன் என்னும் இயக்கன் கையில் அகப்பட்டான். தினம் ஒரு மனிதனையும் ஒரு பானைச் சோற்றையும் அனுப்புவதாகச் சொல்லி உயிர் தப்பினான். முதலில் குற்றவாளிகளை அனுப்பினான். சிறை காலியாயிற்று. பிறகு குடிகளின் குழந்தைகளை அனுப்பினான். தாய்மார் பிள்ளைகளுடன் ஊரைவிட்டு ஓடினர். இறுதியில் எஞ்சியவன் அரசனின் மகனே. வாக்களித்தவன் அரசன்; விலை செலுத்தியவர் பிறர்!

இதன் பொருளை நான் அனுபவத்தில் கற்றேன். நான் வேலை செய்த பஞ்சாலை மூடப்பட்டபோது, நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டியில் 5,000 ரூபாய் கடன் வாங்கினேன். கையெழுத்து என்னுடையது. முதலில் ஒருவேளை உணவை விட்டு வட்டி கட்டினேன். அடுத்து மனைவியின் தோடு போயிற்று. அதற்கும் அடுத்து, எட்டாம் வகுப்பிலிருந்த மூத்த மகன் தோல் பட்டறைக்குப் போனான். கடன் தீர்ந்தது, அவன் படிப்பு திரும்பவில்லை.

பகவன் புத்தர் ஆளவகனிடம் எவரையும் விலையாகக் கொடுக்கவில்லை, தாமே சென்றார். “வெளியே போ, உள்ளே வா” என அவன் மும்முறை ஏவினான், பொறுமையுடன் இணங்கினார். நான்காம் முறை மறுத்தார். அவன் வினாக்களுக்கு விடையளித்தார். இயக்கன் கொலைத்தொழிலை விட்டான். பலியாக வந்த இளவரசனைப் பகவன் கையில் அவனே கொடுத்தான்.

நமது மணிமேகலையிலும் ஒரு தாய் வருகிறாள். சுடுகாட்டில் பேயைக் கண்டு அஞ்சி மகன் சார்ங்கலன் இறந்தான். தன் உயிரை எடுத்துக்கொண்டு மகனுயிரைத் தருமாறு சம்பாபதியை வேண்டினாள் கோதமை. வினைவழிச் சென்ற உயிருக்கு மாற்றுயிர் கொள்வதில்லை என்றது தெய்வம். அது இயலுமாயின் அரசருக்காக உயிர்தருவோர் பலர் உளரே. பின் இச்சுடுகாட்டில் அரசர்க்கு ஆயிரம் கோட்டங்கள் எழுந்தது எங்ஙனம் என்றும் கேட்டது.

ஆகவே, அன்பர்களே! குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் பலி நேர்ந்துகொண்டு காத்திராதீர். சயான் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். பணமுடை வந்தால் வட்டிக்காரர் வாசலுக்கு முன் சங்கத்தாரிடம் வாய்திறந்து சொல்லுங்கள், வெட்கம் வேண்டாம். எதற்கேனும் வாக்களிக்குமுன் மூன்று வினாக்களை எழுப்புங்கள்: விலை யாது? அதற்கு முடிவுண்டா? செலுத்தப்போவது யார்? மூன்றாம் வினாவுக்கு விடை கூறும்போது உங்கள் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.